பதிமூன்று எழுத்துக்குள் அப்பா

அம்மா ஒரே யூனிஃபார்மை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் கவிநிலாவுக்குப் பத்தாமல் போய், போன வருஷமே ஒதுக்கிவைத்த யூனிஃபார்ம்.

"அம்மா, அது எனக்கு முழங்காலுக்கு மேல நிக்கும்மா" என்றாள் கவிநிலா.

"இருக்கட்டும். கசங்கி இருந்துச்சு" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது பத்தாத துணிக்கு இஸ்திரி போடுவார்களா? அம்மாவுக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. பதினொரு வயதுக் கவிநிலாவுக்கு அது நன்றாகவே தெரியும். நேற்று அம்மா சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். முந்தாநாள் அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் கழுவினாள்.

பயத்துக்குக் காரணம் அப்பா.

அப்பா மூர்த்தி ஜெனரேட்டர் மெக்கானிக். கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், பெரிய பெரிய இயந்திரங்களாகக் கற்றுக்கொண்டு, இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா? அண்டார்டிகாவில்! உலகப் படத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கண்டம் இருக்குமே, அங்கேதான். நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருபது பேர் ஒரு வருஷம் தங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடினால்தான் அவர்களுக்கு வெளிச்சம், சூடு எல்லாம். அதை ஓடவைப்பது அப்பாவின் வேலை.

தினமும் வீடியோ காலில் வந்துவிடுவார். புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவின் ஆபீஸில் இருந்து, தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி அம்மாவுக்கு போன் செய்தார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கவிநிலா கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். அப்பா விஷயத்தில் தப்பும் சரியும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

"புயல்ல டவர் சாஞ்சிடுச்சா? ஒருத்தருக்கு அடியா? யாருக்குங்க சார்? பேரு தெரியலையா? எங்க வீட்டுக்காரரு இல்லன்னாவது சொல்லுங்க சார்!"

விஷயம் இதுதான். பனிப்புயலில் டவர் சாய்ந்ததால் போன், இன்டர்நெட் எதுவும் இல்லை. இன்னொரு நாட்டு நிலையத்துக்கு அரைகுறையாக ஒரு செய்தி போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றி ஆபீஸுக்கு வந்திருக்கிறது. ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது. மற்றவர்கள் பத்திரம். அவ்வளவுதான்.

அந்த ஒருவர் யார்?

டவர் சாய்ந்தால் முதலில் ஓடுபவர் மெக்கானிக்தானே? அம்மா அதைத்தான் நினைக்கிறாள். கவிநிலாவும் அதையேதான் நினைத்தாள். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கை வேதாவுக்கு ஒன்றும் தெரியாது. "அப்பா போன்ல சார்ஜ் இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா, சார்ஜ் இல்ல" என்றாள் கவிநிலா.

"நாலு நாளாவா? கரண்டு ஆளே நம்ம அப்பாதானே?"

கவிநிலா எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"அம்மா, ரேடியோவ எடுப்போம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை அது. ஹாம் ரேடியோ. கேட்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். அதற்குத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து படித்து வாங்கினார்கள். அம்மாவுக்கு அப்பாவைவிட ஐந்து மார்க் ஜாஸ்தி. அதை இன்றுவரை யாரும் மறந்துபோக அம்மா விட்டதில்லை. லைசென்ஸ் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் அழைப்புக்குறி உண்டு. அப்பாவின் குறி எம், ஆர், டி என்று முடியும்.

அண்டார்டிகாவுக்குக் கிளம்பும்போது அப்பா சொல்லியிருந்தார்: "போன் போச்சுன்னா நான் ரேடியோல இருப்பேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல தேடுங்க. அப்பதான் சிக்னல் அவ்ளோ தூரம் வரும். அப்புறம் போயிடும்."

தினமும் வீடியோ கால் வரும்போது ரேடியோவை யார் சீண்டுவார்கள்? பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

"எனக்குத் தனியா மாட்ட வராதுடி" என்றாள் அம்மா. "எப்பவும் அவருதான் மாட்டுவாரு. நான் பக்கத்துல நின்னு தப்பு கண்டுபிடிப்பேன், அவ்ளோதான்."

"தனியா எங்க? நான் இருக்கேன்ல?"

"நானும் இருக்கேன்" என்றாள் வேதா. "எதுக்குனு மட்டும் சொல்லிடுங்க."

அம்மா சிரிக்க முயன்றாள். வரவில்லை. ஆனால் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்தாள்.

முதலில் ஏரியல் கம்பி. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் குழாயில் ஒரு முனையையும், பழைய டிவி டிஷ் கம்பத்தில் மறுமுனையையும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். நடுவில் இருந்து ஒரு கேபிள் சன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கியது. அன்று பௌர்ணமி. கீழே திருவண்ணாமலைச் செங்கம் ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம். மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா எழிலு, இன்னா அது?" என்று கீழ் வீட்டு அப்பாதுரை மாமா அண்ணாந்து கேட்டார். அவர்தான் வீட்டு ஓனர். பின்பக்க அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"ரேடியோவுக்குக் கம்பிங்கண்ணா. அவரு கிடைக்கிறாரானு பாக்கலாம்னு."

மாமாவுக்குப் பாதி காது மந்தம். "ஆங், கட்டு கட்டு. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்து மேசையில் ரேடியோவை வைத்தார்கள். கேபிளை அதன் முதுகில் மாட்டினார்கள். ரேடியோவில் இருந்து பழைய லேப்டாப்புக்கு இன்னொரு ஒயர். ஏன் லேப்டாப் என்று கேட்பீர்கள். அண்டார்டிகாவில் இருந்து வரும்போது சத்தம் மெலிந்து, பேச்சு காதில் விழாது. அதனால் கம்ப்யூட்டர் எழுத்துகளை விசில் சத்தமாக மாற்றி அனுப்பும். மறுபக்கம் இருக்கும் கம்ப்யூட்டர், நம் காதுக்கே எட்டாத விசிலைக்கூடக் கேட்டு மறுபடி எழுத்தாக்கிவிடும். ஒருவர் பதினைந்து நொடி அனுப்பினால், அடுத்த பதினைந்து நொடி மற்றவர் முறை.

அம்மா சுவிட்சைப் போட்டாள். "கொர்ர்ர்" என்றது ரேடியோ. வேறு ஒன்றுமே இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் வேதா. "இது நம்ம மிக்சி மாதிரி இருக்கு."

அம்மா ஒயர்களைக் கழற்றினாள், மாட்டினாள். கொர்ர்ர். இன்னொரு முறை கழற்றினாள். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து கழிச்சா அஞ்சு பத்து. ஐயோ, நேரம் ஆகுதே" என்றாள்.

கவிநிலா மாடிக்கு ஓடினாள். ஓடிய வேகத்திலேயே நின்றாள்.

ஏரியல் கம்பியில் இரண்டு ஈர வேட்டி, ஒரு பனியன், ஒரு பெரிய துண்டு! பாரம் தாங்காமல் கம்பி தொங்கி, தண்ணீர்க் குழாயோடு உரசிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் அப்பாதுரை மாமா திருப்தியாக நின்றிருந்தார்.

"நல்ல கொடி கட்டினீங்க பாப்பா. என் கொடி போன வாரமே அறுந்துபோச்சு."

"மாமா, அது கொடி இல்ல! அது அப்பா!"

கவிநிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா, அண்டார்டிகா, டவர், அடி, ரேடியோ என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மாமா ஒரு காதைத் திருப்பிக் கேட்டார். கேட்டு முடித்ததும், ஈர வேட்டிகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்றதில்ல? ஏற்கெனவே ரெண்டு கொரங்கு கம்பிய நோட்டம் பாத்துக்கிட்டு இருக்கு." மூலையில் கிடந்த கொம்பை எடுத்தார். "கொரங்க நான் பாத்துக்குறேன். நீ போய் உங்கப்பாவப் பாரு."

கம்பியை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுக் கவிநிலா கீழே ஓடிவந்தாள். படியிலேயே சத்தம் கேட்டது. ஒரு விசில் இல்லை, நூறு விசில்! ஊரே சேர்ந்து ஊளையிடுவது போல ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு! எல்லாரும் வந்துட்டாங்க!" என்று வேதா குதித்தாள்.

திரையில் மேலிருந்து கீழாக மஞ்சள் கோடுகள் இறங்கின. ஒவ்வொரு கோடும் உலகத்தில் எங்கோ ஒருவர் அனுப்பும் விசில். பக்கத்துக் கட்டத்தில்தான் எழுத்துகள் வர வேண்டும். கட்டம் காலியாகவே இருந்தது.

ஒரு நிமிஷம் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். ஓர் எழுத்தும் வரவில்லை.

"சத்தம் கம்மியா?" அம்மா ஒரு குமிழைத் திருகினாள். இல்லை. "ஒயர் லூசா?" இல்லை. "டைம் சரியா இருக்கணும்னு அவரு சொல்லுவாரே." லேப்டாப்பின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். "பத்து கழிச்சா அஞ்சு முப்பத்தஞ்சு. சரியாத்தான் இருக்கு. அப்புறம் என்னதாண்டா உனக்குக் கேடு?"

கடைசிக் கேள்வி லேப்டாப்புக்கு. அம்மா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அம்மா அழறாளா?" என்றாள் வேதா மெதுவாக.

"இல்ல, கண்ணு எரியுது" என்றாள் கவிநிலா. அவளுக்கும் எரிந்தது. இந்த நேரம் போய்விட்டால் நாளை சாயங்காலம்தான். நாளை வரை அம்மா எதை இஸ்திரி போடுவாள்?

கவிநிலா நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையையே முறைத்துப் பார்த்தாள். மஞ்சள் கோடுகள் எல்லாம் ஒன்றாக ஆரம்பித்தன. ஒன்றாக முடிந்தன. துளி அமைதி. மறுபடி எல்லாம் ஒன்றாக ஆரம்பித்தன. கம்ப்யூட்டரும் பதினைந்து நொடிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு பச்சைக் கோடு போட்டது. 'இங்கேயிருந்து கேட்கப் போகிறேன்' என்று அதற்கு அர்த்தம். ஆனால் பச்சைக் கோடு அமைதியான இடத்தில் விழவில்லை. மஞ்சள் கோடுகளின் நடுவயிற்றில் விழுந்தது.

"அம்மா! இது பாதிப் பாட்டுல இருந்து கேக்குதும்மா!"

"என்னடி சொல்ற?"

"ஸ்கூல் பிரேயர்ல பாதியில உள்ள போனா என்ன பாடுறாங்கன்னே புரியாதுல்ல? அந்த மாதிரி. அவங்க ஆரம்பிக்கிறப்போ இது தூங்குது. டைம்தாம்மா தப்பு."

"இல்லடி, பாத்தேனே. பத்து கழிச்சா சரியா வருது."

சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

"பத்து கழிக்கணும்னு நமக்குத் தெரியும்" என்றாள் கவிநிலா. "அதுக்குத் தெரியுமா?"

இந்த வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அம்மா எங்கேயும் எப்போதும் லேட். அதற்காக அப்பா சுவர்க் கடிகாரம், அலாரம், லேப்டாப் எல்லாவற்றையும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். ஒரே வாரத்தில் அம்மா பத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டாள். பழையபடியே லேட்! அதன் பிறகு கடிகாரங்களை யாரும் திருப்பி வைக்கவில்லை. கழிப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. அப்பா கையால் வைத்த பத்து நிமிஷம் துல்லியமாகப் பத்தாகவா இருக்கும்? மேலே நாலைந்து நொடி ஒட்டிக்கொண்டிருந்தது. முழுப் பத்து நிமிஷம் என்றால் பதினைந்து நொடிக் கணக்கு தப்பாது; மேலே ஒட்டிய அந்த நொடிகள்தான் இப்போது பாட்டைக் கெடுத்தன.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு மார்க் ஜாஸ்தி வாங்கி என்ன புண்ணியம்!"

நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ள லேப்டாப்புக்கு இன்டர்நெட் வேண்டும். அம்மா தன் போனில் இருந்து கொடுத்துப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பௌர்ணமி அன்று லட்சம் பேர் மலையைச் சுற்றுவார்கள். அத்தனை பேர் கையிலும் போன். திருவண்ணாமலையில் அன்றைக்கு நெட் நகருமா?

"போச்சு" என்றாள் அம்மா.

"போகல. எல்லாரும் சேர்ந்து ஆரம்பிக்கிறாங்கல்ல, அவங்ககிட்டயே டைம் கேட்டுக்கலாம்."

"எப்படி?"

"நீ அஞ்சு நாப்பத்திரண்டு, ஜீரோ செகண்டுனு அடிச்சு ரெடியா வை. உன் போன்ல நாப்பத்திரண்டு ஆகுற சமயத்துல எந்தப் பாட்டு ஆரம்பிக்குதோ, அப்ப நான் பட்டனத் தட்டுறேன்."

அம்மா அடித்துவைத்தாள். கவிநிலா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விரல் பட்டன்மேல். விசில்கள் பாடின. நின்றன. பாடின. நின்றன.

"ஆயிடுச்சு, நாப்பத்திரண்டு!" என்று வேதா போனைப் பார்த்துக் கத்தினாள்.

அமைதி. முதல் விசில் எழுந்தது. தட்டினாள்.

பதினைந்து நொடி யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு, காலியாக இருந்த கட்டத்தில் சடசடவென்று எழுத்துகள் கொட்டின. ஜப்பான்! ஆஸ்திரேலியா! ஓமன்! பெயரே தெரியாத ஒரு தீவு! அம்மா கவிநிலாவை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

"அப்பா எங்க?" என்றாள் வேதா.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். வரி வரியாக ஊர்கள் வந்தன. அப்பா இல்லை. அடுத்த முறையும் இல்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. வெளியே தெருவிளக்கு எரிந்தது. ஜப்பான் மறைந்துபோனது. வரிகள் குறைந்துகொண்டே வந்தன.

அப்பாவால் ரேடியோ முன்னால் உட்கார முடியவில்லையோ? அதனால்தான் வரவில்லையோ? இந்த நினைப்பைக் கவிநிலா விழுங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அங்கேயும் அதே நினைப்பு.

"அக்கா, எம் ஆர் டி" என்றாள் வேதா.

"ஆமா, எம் ஆர் டி வரணும். இரு."

"வந்திருக்குக்கா. கடைசி வரி."

கடைசி வரி. அப்பாவின் குறி! பக்கத்தில் மைனஸ் பதினெட்டு என்று ஓர் எண். சத்தம் எவ்வளவு மெலிவு என்று சொல்லும் எண் அது. மைனஸ் இருபத்துநாலுக்குக் கீழே போனால் எழுத்தே வராது.

அம்மா நாற்காலியில் இருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அம்மா, கூப்பிடு! லைசென்ஸ் உன்கிட்டதானே இருக்கு!"

அனுப்பும்போது யாரும் கம்பியைத் தொடக் கூடாது, சுட்டுவிடும். கவிநிலா சன்னல் வழியாகக் கத்தினாள். "மாமா, கம்பிகிட்ட யாராவது இருக்காங்களா?"

"நானும் கொரங்கும்தான்! ரெண்டு பேருமே தள்ளித்தான் நிக்கிறோம்!"

அம்மா பட்டனைத் தட்டினாள். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பதினைந்து நொடி. பிறகு கேட்கும் முறை.

அப்பா வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் சத்தம் அங்கே போய்ச் சேரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. மைனஸ் இருபது. மூன்றாவது முறை அம்மா பட்டனைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் ஒரு வரி சிவப்பாக வந்தது. அதில் இரண்டு குறிகள். ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று அப்பாவுடையது.

"கேட்டுட்டாரு!" என்று கவிநிலா அலறினாள்.

மாடியில் இருந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று மாமா குரல் கொடுத்தார்.

ஒருவர் குறியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. அது சட்டம். அப்படியானால் ரேடியோ முன்னால் இருப்பது அப்பாதான். ஆனால் அடிபட்டவர்கூட எழுந்து உட்கார்ந்து ரேடியோ போடலாமே? வழக்கமான வரிகள் ஒன்றிரண்டு போய்வந்த பிறகு, சொந்தமாக எழுதும் முறை வந்தது. ஒரு தடவைக்குப் பதிமூன்று எழுத்துதான். நடுவில் விடும் இடமும் ஓர் எழுத்துக் கணக்கு. ஆங்கில எழுத்தில்தான் போகும்.

அப்பா அனுப்பியது வந்தது.

NALLA IRUKEN

"நல்லா... இருக்கேன்" என்று கவிநிலா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அம்மா அழுதாள். கண் எரிகிறது என்று யாரும் பொய் சொல்லத் தேவையில்லாத அழுகை. விரல்கள் நடுங்கி, அவளால் அடிக்க முடியவில்லை. "நீ அடி, நான் அனுப்புறேன்" என்று லேப்டாப்பைத் தள்ளினாள்.

"பென்குயினத் தொட்டுப் பாத்தியானு கேளுக்கா!" என்றாள் வேதா.

மைனஸ் இருபத்திரண்டு. சத்தம் மெலிந்துகொண்டே போகிறது. இன்னும் எத்தனை முறை வருமோ, யாருக்குத் தெரியும்? கவிநிலாவுக்குக் கேட்க நூறு இருந்தது. எப்போ வருவீங்க? குளிர்தா? எங்களை நினைச்சீங்களா? 'எப்ப வரு' என்று அடித்தும்விட்டாள்.

விரல் நின்றது.

அப்பா நன்றாக இருக்கிறார். சரி. அப்படியானால் அடிபட்டது வேறு யாருக்கோ. அந்த வீட்டில் ஒரு பொண்ணு கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டிருப்பாளே? அந்த வீட்டில் ரேடியோ இல்லையே!

அடித்ததை அழித்துவிட்டு வேறு அடித்தாள். இனி வந்ததையும் போனதையும் உங்களுக்காகத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

யாருக்கு அடி?

அம்மா அதைப் படித்தாள். மகளை ஒரு நொடி பார்த்தாள். பட்டனைத் தட்டினாள்.

பதினைந்து நொடி. அப்பாவின் முறை. திரை சும்மா இருந்தது. மெலிந்துவிட்டதா? போய்விட்டாரா? கவிநிலா நகத்தைக் கடித்தாள். மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை மைனஸ் இருபத்துமூன்றில் ஒரு வரி வந்தது.

குக் கை. ஓகே

"சமையல்காரருக்குக் கையில அடி. இப்ப பரவாயில்ல" என்றாள் அம்மா. "ஐயோ, அவங்க வீட்டுல தவிச்சுப்போயிருப்பாங்களே!"

"அம்மா, 'சொல்லிடறேன்'னு அனுப்பு. நான் ஆபீசுக்கு போன் பண்றேன்."

செல்போன் வேலைக்கு ஆகாது. அப்பாதுரை மாமா வீட்டில், அறை எடுப்பவர்களுக்காக வைத்த பழைய லேண்ட்லைன் இருந்தது. கவிநிலா அம்மாவின் போனில் இருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே படிகளில் இறங்கினாள். கொம்பும் கையுமாக மாமாவும் பின்னால் ஓடிவந்தார்.

"சார், நான் மெக்கானிக் மூர்த்தி பொண்ணு பேசுறேன். அடிபட்டது யாருன்னு தெரிஞ்சுடுச்சு. குக் அங்கிளுக்குக் கையில. ஆனா நல்லா இருக்காராம்."

மறுமுனையில் அந்த அதிகாரி கேட்டார்: "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"இப்பதான் அப்பா ரேடியோல சொன்னாரு."

"அங்க ஒரே ஒரு குக்தாம்மா. அவரு வீட்டம்மா காலையில இருந்து நாலு தடவை கூப்பிட்டுட்டாங்க. எனக்குச் சொல்றதுக்கு எதுவுமே இல்லாம இருந்துச்சு." "போன வை கண்ணு. இப்பவே அவங்களுக்குச் சொல்லணும். அப்புறம் மத்த எல்லா வீட்டுக்கும்."

கவிநிலா போனை வைத்தாள். மாமா தோளில் கிடந்த ஈர வேட்டியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது சுத்தமாகத் துவைத்த வேட்டி என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

மாடிப்படியில் பாதி ஏறும்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. கவிநிலா பயந்துபோய் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்! புதன்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"என்னம்மா ஆச்சு?"

அம்மா திரையைக் காட்டினாள். மைனஸ் இருபத்துநாலு. விட்டால் மறைந்துவிடும் போல ஒரு வரி.

சமையல் நான்

"உங்கப்பாவுக்கு வெந்நீர் வைக்கவே ரெண்டு பாத்திரம் கருகணும்!" என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீதி பத்தொன்பது பேரு கதி என்னடி ஆகும்? எனக்கு இப்பதாண்டி நிஜமாவே பயமா இருக்கு!"

"அம்மா, நம்ம முறை! சீக்கிரம்! போயிடப்போறாரு!"

அம்மாவின் விரல்கள் இப்போது நடுங்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, மடமடவென்று அடித்து, பட்டனைத் தட்டினாள்.

உப்பு கொஞ்சமா